அடுத்த சட்டத்தை எழுத உட்காரும் முன்: ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். கால்பந்து மைதானத்தில் ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் போதும், "இதற்கென்று தனிச் சட்டம் வேண்டும்" என்ற குரல் உங்கள் அவையில் எழுந்துவிடுகிறது. கால்பந்து ஆட்டங்களில் புண்படுத்தும் நடத்தையைக் குற்றமாக்கிய 2012 சட்டம் என்று அப்படியொரு சட்டத்தை இதே அவை இயற்றி, ஆறே ஆண்டுகளில் ரத்தும் செய்திருக்கிறது. அது ஏன் நிலைக்கவில்லை என்று பிரிவு பிரிவாகப் பார்த்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

2011 மார்ச் 2 அன்று, கத்தோலிக்க - புராட்டஸ்டன்ட் பகைமையின் நிழல் படிந்த கிளாஸ்கோ நகரக் கழகங்களான செல்டிக் - ரேஞ்சர்ஸ் மோதிய கோப்பை ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் வீரர்கள் மூவர் சிவப்பு அட்டை பெற்றார்கள். முடிவில் எல்லைக்கோட்டருகே செல்டிக் மேலாளர் நீல் லெனனும் ரேஞ்சர்ஸ் துணை மேலாளர் அலி மெக்காயிஸ்ட்டும் மோதிக்கொண்டார்கள். அடுத்த வாரங்களில் லெனனுக்கும் வேறு இரு பிரமுகர்களுக்கும் அஞ்சலில் வெடிபொருள் பொட்டலங்கள் அனுப்பப்பட்டன. மே மாதம் எடின்பரோவின் டைன்காசில் மைதானத்தில் ஒருவர் உள்ளே பாய்ந்து லெனனைத் தாக்கப் போனார். நாடே பதறியதில் வியப்பில்லை. ஆனால் பொட்டலம் அனுப்பிய இருவருக்கும் தலா 5 ஆண்டுச் சிறை கிடைத்தது தாக்குதல் சதிக் குற்றத்துக்காக. டைன்காசிலில் பாய்ந்தவருக்கு அமைதிக்குலைப்புக் குற்றத்துக்காக 8 மாதம். புதுச் சட்டத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட நிகழ்வுகளுக்கே பழைய சட்டம் போதுமானதாக இருந்தது.

ஆனாலும் 2011 டிசம்பரில் 64-க்கு 57 என்ற வாக்கில், எதிர்க்கட்சிகள் எதிர்த்து நிற்க, மசோதா நிறைவேறி 2012 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் பிரிவில்தான் கோளாறு. வெறுப்பைக் காட்டும் நடத்தை, வெறுப்பால் தூண்டப்பட்ட நடத்தை, மிரட்டும் நடத்தை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "நியாயமான ஒருவர் புண்படுத்துவதாகக் கருதக்கூடிய பிற நடத்தை" என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. முதல் மூன்றுக்கும் ஓரளவு எல்லை உண்டு, நான்காவதுக்குக் கிடையாது. எந்தப் பாட்டு, எந்தப் பதாகை, எந்த வார்த்தை என்று ரசிகருக்கும் தெரியாது, கேலரியில் நிற்கும் காவலருக்கும் தெரியாது.

அந்த நடத்தை பொது அமைதியைக் குலைக்கத் தூண்டுவதாகவும் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது உண்மைதான். அதன் பல்லையும் 5-ஆம் உட்பிரிவு பிடுங்கிவிட்டது. காவல் ஏற்பாடு இருந்ததால் கலவரம் வரவில்லை என்றாலும், தூண்டப்படக்கூடியவர்கள் அந்த இடத்திலேயே இல்லை என்றாலும், தூண்டியதாகவே கொள்ளலாம் என்றது அது. மைதானத்துக்குப் போகும் வழி, திரும்பும் வழி, ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டும் மதுக்கூடம் எல்லாம் சட்டத்துக்குள் வந்தன. உச்ச தண்டனை 5 ஆண்டு.

விளைவு ராஸ் கவுண்டி கழகத்தின் ஊரான டிங்வாலில் தெரிந்தது. 2012 ஆகஸ்டில் ராஸ் கவுண்டி - செல்டிக் ஆட்டத்தில் பிரிட்டனை எதிர்த்து ஆயுதமேந்திய ஐரிஷ் குடியரசுப் படையினரைப் போற்றும் பாடல்களைப் பாடியதாக வழக்கு. பதிலளிக்க வேண்டிய வழக்கே இல்லை என்றார் ஷெரிஃப் (ஸ்காட்லாந்தில் உள்ளூர் நீதிமன்ற நீதிபதியின் பெயர் அது). 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தவறு என்றது. சட்டம் படித்த நீதிபதிகளே ஒரே பாட்டை இரண்டு விதமாகப் பார்த்த இடத்தில், கூட்டத்தோடு சேர்ந்து பாடும் பதினெட்டு வயதுப் பையனிடம் எந்தத் தெளிவை எதிர்பார்க்க முடியும்? 2018 மார்ச் 15 அன்று 62-க்கு 60 என்ற வாக்கில் சட்டம் ரத்தானதில், ரசிகர் அமைப்புகளின் உழைப்புக்கு நிகராக இந்தக் குழப்பத்துக்கும் பங்குண்டு.

இனி, கையில் இருப்பதைப் பார்ப்போம். 2010 குற்றவியல் நீதிச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு மூன்று கேள்விகள் கேட்கிறது: நடத்தை மிரட்டலோ இழிவுபடுத்தலோ கொண்டதா? நியாயமான ஒருவருக்கு அச்சமோ கலக்கமோ தரக்கூடியதா? அது வேண்டுமென்றோ விளைவைப் பற்றி அக்கறையின்றியோ செய்யப்பட்டதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் குற்றம். அதற்கும் உச்ச தண்டனை 5 ஆண்டுதான். மதவெறியோ இனவெறியோ காரணம் என்று நிறுவினால், அதைத் தண்டனையில் கணக்கில் எடுக்கத் தனி விதிகள் உள்ளன. இங்கே அளவுகோல் அச்சம். மனம் புண்படுவது ஆளுக்கு ஆள் மாறும். அச்சத்தையும் கலக்கத்தையும் சாட்சியத்தால் சோதிக்க முடியும்.

எங்கள் பார்வையில், தண்டனையைவிட அதிகம் பயன்படக்கூடியது மைதானத் தடை உத்தரவு. 2006 சட்டப்படி, கால்பந்து சார்ந்த வன்முறை அல்லது ஒழுங்கீனத்தில் ஒருவர் தண்டிக்கப்பட்டதும், இனி அப்படி நடக்காமல் தடுக்க உதவும் என்று நீதிமன்றம் கருதினால் அவரை மைதானத்திலிருந்து விலக்கி வைக்கலாம். சிறைத்தண்டனை பெற்றவருக்கு 10 ஆண்டு வரை, மற்றவருக்கு 5 ஆண்டு வரை. தண்டனையே இல்லாமல், காவல்துறைத் தலைவர் ஷெரிஃப் நீதிமன்றத்தில் மனுச் செய்து 3 ஆண்டு வரை வாங்கவும் வழியுண்டு. வெளிநாட்டு ஆட்டங்களின்போது பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லலாம். சனிக்கிழமை தவறாமல் மைதானத்துக்குப் போகிறவருக்கு ஐந்து பருவங்கள் வெளியே நிற்பது அபராதத்தைவிடப் பெரிய அடி. அரசு வழக்கறிஞர் கேட்டால்தான் பெரும்பாலும் இது நீதிமன்றத்தின் பார்வைக்கே வரும். தகுதியுள்ள ஒவ்வொரு வழக்கிலும் கேட்கப்படுகிறதா என்று விசாரியுங்கள்.

ரசிகர்கள் கேலரியில் கொளுத்தும் தீப்பந்த (flare) விஷயத்தில் நீங்கள் சரியாகவே எழுதினீர்கள். 2022 சட்டம் பொருளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: குறிப்பிட்ட நிகழ்விடத்தில் தீப்பந்தமோ புகை கக்கும் குப்பியோ கையில் இருந்தாலே குற்றம். எவர் மனம் புண்பட்டது என்ற கேள்விக்கே இடமில்லை. சிக்கல் அமலாக்கத்தில்தான். கேலரி முழுவதையும் மூடும் பெரிய பதாகை விரிகிறது. அதன் அடியில் முகமூடியும் மேலாடையும் மாறுகின்றன. பதாகை இறங்கும்போது தீப்பந்தங்கள் எரிகின்றன, யார் கையில் எது என்று தெரிவதில்லை. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஒரே சாட்சி போதாது, இன்னொரு மூலத்திலிருந்தும் ஆதாரம் வர வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு அதை எங்கே தேடுவது? நுழைவாயில் சோதனை, பதாகைக்கு முன்னனுமதி, இருக்கை எண்ணோடு இணைத்த கேமராப் பதிவு ஆகியவை கழகங்களின் பொறுப்பு. கழகம் செய்யாவிட்டால் லீக் என்ன செய்யும் என்று கேளுங்கள். ஐரோப்பியப் போட்டிகளில் ரசிகர் நடத்தைக்குக் கழகமே பொறுப்பு. வெறுப்புக் கோஷத்துக்காக 2019-இல் ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஒரு பகுதியை ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ மூட வைத்தது. உள்நாட்டில் அத்தகைய கடும் பொறுப்பைக் கழகங்கள் ஏற்க மறுத்து வருகின்றன.

தெளிவற்ற எல்லை மைதானத்துக்கு வெளியே என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் உண்டு. வெறுப்புக் குற்றச் சட்டம் 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த முதல் வாரத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இணையப் புகார்கள் குவிந்தன. வெறுப்புக் குற்றமாகப் பதிவானவை அவற்றில் மிகச் சில. சட்டம் எதைத் தொடுகிறது, எதைத் தொடாது என்று மக்களுக்கு முன்கூட்டியே விளங்கியிருந்தால் காவலர்களின் அத்தனை நேரம் வீணாகியிருக்காது.

எங்கள் கோரிக்கைகள் மூன்றுதான். தடை உத்தரவு எத்தனை வழக்குகளில் கேட்கப்பட்டது, எத்தனையில் கிடைத்தது, எத்தனை மீறப்பட்டது என்ற கணக்கை ஒவ்வொரு பருவ முடிவிலும் அவையில் வைக்கச் சொல்லுங்கள். புதிய மசோதா எது வந்தாலும், நடப்புச் சட்டத்தால் தண்டிக்க முடியாமல் போன உண்மையான வழக்குகளை அதன் விளக்கக் குறிப்பில் காட்டும்படி அமைச்சரிடம் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் மசோதாவைத் திருப்பி அனுப்புங்கள். "பிற நடத்தை" என்ற சொற்கள் எந்த வரைவில் தென்பட்டாலும் குழு நிலையிலேயே அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்து வழக்குகளைத் தொடர்ந்து கவனித்துவரும் வழக்கறிஞர்களும் ரசிகர்களும்