செயலாளரின் ஆண்டறிக்கை: புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கும் குடும்பத்தாருக்குமான உளத்துணைப் பணி

மதிப்புக்குரிய தலைவர், பொருளாளர், நிர்வாக சபையினர், மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று தூரத்திலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்கள், பிள்ளைகளையும் கூட்டி வந்திருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மருந்தையும் ஊசியையும் வைத்தியசாலை பார்த்துக்கொள்ளும், பிள்ளையின் மனதையும் வீட்டாரின் மனதையும் நாங்கள் பார்ப்போம் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். நிர்வாக சபை ஒழுங்காகக் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். நான் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்துக் குடும்பங்கள் பல, கொழும்புக்கு அருகே மகரகமையில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலையான அபேக்‌ஷா வைத்தியசாலைக்குப் போய் வருகின்றன. பிள்ளைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை 2 முதல் 3 வருடம் நீளும். அவ்வளவு காலமும் தாய் பிள்ளையோடு அங்கே, தகப்பன் கடலையும் வயலையும் பார்த்துக்கொண்டு இங்கே, மற்றப் பிள்ளைகள் அம்மம்மா வீட்டில். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 வீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 வீதம்கூட இல்லை. 2030க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 வீதமாவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. சிகிச்சையை இடையில் விட்டுவிடுவதும் இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். களைப்பு, வெட்கம், ஊர்ப் பேச்சு, காசில்லாமை எல்லாம் சேர்ந்துதான் ஒரு குடும்பம் அப்படி விடுகிறது. அதனால் எங்கள் வேலையும் சிகிச்சையின் ஒரு பங்கு என்றே நான் நம்புகிறேன்.

வீட்டுக்குப் போகும் தொண்டர்களுக்கு இவ்வருடம் நாங்கள் வைத்த முதல் விதி, விளக்கம் சொல்லப்போகாமல் முதலில் கேட்பது. “இந்த வருத்தம் ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் போதும், வீட்டுக்குள் அடைத்து வைத்ததெல்லாம் வெளியே வரும். கண்ணூறு என்பார் ஒருவர். முற்பிறவி வினை என்பார் இன்னொருவர். மருமகள் வந்த நேரம் சரியில்லை என்று மாமியார் சொன்னதைச் சொல்லி அழுத தாய்மாரும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை, தாய் செய்த எதனாலும் இது வரவில்லை, இது யாருக்கும் தொற்றாது. இதை மாமியாரும் இருக்கும்போது, அவருடைய மரியாதை கெடாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. தாயிடம் மட்டும் தனியாகச் சொல்லிப் பலனில்லை.

நேர்த்திக்கும் ஓதலுக்கும் நாங்கள் குறுக்கே நிற்பதில்லை. கோணேசரிடமும் பத்திரகாளி அம்மனிடமும் வேண்டிக்கொண்டு போன தாய் அடுத்த கீமோவுக்கு (புற்றுநோய்க்கு மருந்தேற்றும் சிகிச்சைக்கு) தைரியமாகப் போகிறார் என்றால், அந்தத் தைரியம் எங்கள் பேச்சால் வருவதைவிடப் பெரியது. கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில் கிருமி சுலபமாகப் பிடித்துவிடும் என்பதால், ஓதியோ தீர்த்தமாகவோ குடிக்கக் கொடுக்கும் கொதிக்காத தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக நிற்கிறோம். கொதித்து ஆறிய தண்ணீரையே கொண்டு வாருங்கள், அதில் ஓதித் தருகிறேன் என்று ஒரு மௌலவி தானாகவே முன்வந்தார். தீர்த்தத்தைத் தலையில் தெளித்தால் போதும் என்று ஓர் ஐயர் சொன்னார். இருவருக்கும் இச்சபை நன்றி சொல்ல வேண்டும். மூலிகைச் சாறு கொடுப்பதானால் டொக்டரிடம் மறைக்கக் கூடாது என்றும் சொல்லி வருகிறோம்.

முடி கொட்டுவது பெரியவர்களைவிடப் பிள்ளைகளை வாட்டுகிறது, அதுவும் பெண்பிள்ளைகளை. ஒரு குடும்பம், கீமோவில் கொட்டுமுன்பே முடியை நேர்த்திக்கடனாகக் கொடுத்துவிட்டது. சவரக்கத்தி வேண்டாம், மெஷினால் எடுங்கள் என்று மட்டும் நாங்கள் சொன்னோம். அண்ணனும் கூடவே மொட்டை அடித்துக்கொண்டான். அந்தப் பிள்ளை தன் தலையை யாருக்கும் ஒளிக்கவில்லை.

இவ்வருடம் அதிகம் வாதாடியது, பிள்ளையிடம் சொல்வதா இல்லையா என்பதைப் பற்றித்தான். பெரும்பாலான வீடுகளில் மறைக்கிறார்கள், அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகள், தாங்கள் குழப்படி செய்ததற்குத் தண்டனையாக ஊசி போடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கின்றன. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் தெரிந்துகொண்டும், அம்மா அழுவார் என்று தெரியாத மாதிரி இருக்கிறார்கள். நாங்கள் யாரையும் வற்புறுத்துவதில்லை. வீட்டில் யாருடைய சொல்லுக்கு மதிப்போ அவரோடு முதலில் பேசுகிறோம், அது தாய்மாமனாகவும் இருக்கலாம். உன் பிழை இல்லை, யாருக்கும் தொற்றாது, நாளைக்கு இன்ன ஊசி போடுவார்கள் என்ற அளவில் தொடங்கினால் போதும். பொம்மைக்கு ஊசி குத்திப் பார்த்த பிறகு கையை நீட்டிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம்.

கூடப்பிறந்தவர்களுக்கும் துணை வேண்டும் என்று வட அமெரிக்க நிபுணர்கள் 2015இல் வெளியிட்ட, புற்றுநோய் வந்த பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் தர வேண்டிய மனத்துணை பற்றிய 15 உளசமூகத் தரநிலைகளில் ஒன்று சொல்கிறது. எங்கள் சனிக்கிழமை விளையாட்டு வகுப்பு அதற்காகத்தான். பாடசாலைகளுக்கும் போய் வகுப்பில் பேசினோம்.

பிள்ளை இறந்த வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 31ஆம் நாள் வரை, முஸ்லிம் வீடுகளில் 40 வரை, வீடு நிறைய ஆட்கள். அதற்குப் பிறகு யாரும் வருவதில்லை. நாங்கள் அதற்குப் பிறகே போகத் தொடங்குகிறோம். 2004 சுனாமியிலோ 2006 போர் இடம்பெயர்விலோ ஏற்கெனவே இழந்தவர்களுக்குப் பழைய துக்கமும் சேர்ந்து வருகிறது. எங்கள் தொண்டர்களால் தாங்க முடியாத இடத்தில் உளநல வைத்தியரிடம் கூட்டிப்போகிறோம், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் எழுதிக் கொடுக்கிறோம்.

வரும் வருடத்துக்கு இரண்டு விஷயங்களுக்குச் சபையின் அங்கீகாரம் கேட்கிறேன். சிங்களம் தெரியாத பெற்றோருக்குத் தங்கள் பிள்ளையே டொக்டரின் பேச்சை மொழிபெயர்க்கும் நிலை தொடரக் கூடாது. நகரத்தில் இரு மொழியும் தெரிந்த உறுப்பினர்கள் முறை வைத்துத் தொலைபேசியில் உதவ ஒரு பட்டியல் வேண்டும். அடுத்தது, தகப்பன்மாருக்கான தனிச் சந்திப்பு. அவர்கள் தாய்மார் முன் பேசுவதில்லை. அதைப் பின்னேரத்தில், மீன்பிடிக்குப் போகாத நாளாகப் பார்த்து வைக்கலாம் என்பது என் யோசனை. இவ்விரண்டையும் யாராவது முன்மொழிந்து, வழிமொழிந்து தாருங்கள்.

நன்றி.

செயலாளர்,
திருகோணமலை