குழாயை ரோட்டிலிருந்து அளக்காதீர்கள்

எங்கள் பகுதிச் சாலைகளையும் சிறுபாலங்களையும் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கும், ஓவர்சியர்களுக்கும், வேலை எடுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

நான் நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவன். கை நடுக்கம் வந்ததும் கரண்டியை வைத்துவிட்டேன். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிகிறதே கோரையாறு, அதன் பாசனத்தில் அஞ்சு மா நிலம் (மூன்று மா சேர்ந்தால் சுமார் ஒரு ஏக்கர்) இருக்கிறது. இப்போது அதுதான் பிழைப்பு. மனு கொடுத்துப் பார்த்தாயிற்று. ரசீது வந்தது, பதில் வரவில்லை. அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

சங்கதி ஒரு மதகைப் பற்றியது. எங்கள் ஊர்ச் சாலைக்குக் குறுக்கே பழைய மதகு ஒன்று இருந்தது. செங்கல் வளைவு, சுண்ணாம்புக் காரை, நாலு அடி அகலம், நடுவில் மூன்று அடி உயரம். சாயங்காலமானால் அதன் கட்டையில் உட்கார இடம் கிடைக்காது. செங்கல் லாரி ஏறி ஏறி ஒரு பக்கம் வாய் பிளந்துவிட்டதால் போன வருஷம் இடித்தார்கள். இடித்தது தப்பில்லை, அந்த வளைவு இன்னொரு மழைக்குத் தாங்கியிருக்காது. அந்த இடத்தில் ஒன்றரை அடி சிமெண்ட் குழாய் இரண்டைப் போட்டதுதான் தப்பு. பழைய மதகின் வாய் பத்து சதுர அடிக்குக் குறையாது. புதுக் குழாய் இரண்டையும் கூட்டினால் மூன்றரை சதுர அடி. அந்த மூன்றரையும் வடிகால் தரைக்கு முக்கால் அடி மேலே தூக்கி உட்கார்ந்திருக்கிறது.

ஐப்பசி மழையில், சம்பா தூர் கட்டுகிற நேரத்தில், சாலைக்கு மேற்கே ஆறு நாள் தண்ணீர் நின்றது. கிழக்கே வரப்பு தெரிந்தது. நடுவில் பன்னிரண்டு அடி தார் ரோடுதான்.

முக்கால் அடிக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். மேட்டு நிலத்து ஊரில் அது ஒன்றுமில்லை. இங்கே அப்படியில்லை. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டருக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரை சுமார் 80 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர் இறக்கம்கூட முழுதாக வராது, கிழக்கே போகப் போக இன்னும் குறையும். ஒரு குழாயை முக்கால் அடி உயர்த்தி வைத்தால், குறைந்தது 300 மீட்டர் தூரத்துக்கு இந்தப் பூமி கொடுத்த இறக்கத்தை அந்த ஒரு குழாயே தின்றுவிடுகிறது. அடுத்த சாலையில் இன்னொரு குழாய், அதற்கடுத்து இன்னொன்று. வடக்கு தெற்காகப் போகும் ரோடு ஒவ்வொன்றும் கரையாகிப் போனது இப்படித்தான்.

ஏன் உயர்த்தி வைக்கிறார்கள்? தெரியாமல் இல்லை. வேலை புரட்டாசியிலும் ஐப்பசியிலும் நடக்கிறது, அதுதான் காரணம். அப்போது வாய்க்காலில் தண்ணீர் இருக்கும். இரண்டு பக்கமும் மண்மூட்டை அடுக்கி, டீசல் மோட்டார் போட்டு இறைத்தாலும் களிமண்ணில் ஊற்று நிற்காது. தோண்டத் தோண்டச் சேறு சரியும். ஆட்கள் அலுத்துப்போய், எந்த ஆழத்தில் கால் நின்றதோ அந்த ஆழத்தில் குழாயை உருட்டிவிடுவார்கள். அவர்கள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். நடுவில் நாலரை மாதம். பங்குனி, சித்திரையில் வடிகால் தரை வெடித்துக் கிடக்கும், மண்வெட்டி பட்டால் கல் மாதிரி ஒலிக்கும். தூர்வாருகிற வேலைக்கு அந்த மாதங்கள் ஞாபகம் வருகிறது, குழாய் போடுகிற வேலைக்கு ஏன் வருவதில்லை?

அளவெடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் மதகில் நான் பார்த்தது: ரோட்டு மட்டத்திலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு, இவ்வளவு ஆழம் போதும் என்று குறித்தார்கள். ரோடு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயர்கிற சாமான், அதை வைத்துத் தண்ணீரை அளக்க முடியுமா? வடிகாலின் கீழ்ப்பக்கம் நூறு அடி இறங்கிப் போய், சேற்றை வழித்துவிட்டு, பழைய கெட்டித் தரையைத் தொட்டு அங்கிருந்து மட்டம் கொண்டுவர வேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் பையில் கிடக்கும் டியூப் மட்டம், அதாவது தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் ஒரே மட்டம் பார்க்கிற டியூப், போதும்.

குழாயை ஆழமாக வைத்தால் பாய்ச்சலுக்குத் தண்ணீர் ஏறாது என்று சிலர் சொல்வார்கள், விவசாயிகளிலும் சிலர் சொல்கிறார்கள். நியாயமான பயம்தான், ஏனென்றால் எங்கள் பக்கம் பாய்ச்சலும் வடிகாலும் பல இடத்தில் ஒரே வாய்க்கால். ஆனால் தாழ்ந்த குழாயின் முகப்புச் சுவரில் பலகை இறங்கும் பள்ளமாகக் காடி விட்டு வைத்தால், வேண்டும்போது பலகை இறக்கித் தண்ணீரை உயர்த்திக்கொள்ளலாம். உயர்ந்த குழாயைத் தாழ்த்த எந்தப் பலகையும் கிடையாது.

உயர்த்தி வைத்த குழாய் சீக்கிரம் உடையவும் செய்கிறது. குழாய்த் தலைக்கு மேல் 60 சென்டிமீட்டர் மண்ணாவது மூடியிருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. எங்கள் குழாய்க்கு மேல் ஒரு சாண்தான் இருக்கிறது. தை, மாசியில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் லாரி வரிசை கட்டும், அறுவடை மெஷின் ஏறிய டிரெய்லர் வரும். கான்கிரீட் குழாயில் என்.பி. என்று ரகம் உண்டு, எண் கூடக் கூடப் பாரம் தாங்கும். சாலைக்கு என்.பி.3 ரகக் குழாயாவது வேண்டும், என்.பி.2 இந்தப் பாரத்துக்கு ஆகாது. (ஹியூம் பைப் என்கிறோமே, அது ஆள் பெயர். ஆஸ்திரேலியாவில் வால்டர் ஹியூம் என்பவர் 1910-ல் கான்கிரீட்டைச் சுழற்றிக் குழாய் வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். நான் பல வருஷம் அதை ஏதோ கம்பெனி பெயர் என்றே நினைத்திருந்தேன்.) அடியில் மணல் படுகை, மூட்டுக்குக் காலர், காலருக்குள் இறுக்கிய கலவை, இரண்டு பக்கமும் அரை அடி அரை அடியாகத் திமிசு போட்ட மண். இதெல்லாம் உங்களுக்குப் புதிதல்ல. மூட்டு கசிந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் எங்கள் ரோட்டில் வந்து பாருங்கள். மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் கரைந்து போய், மேலே தார் சட்டி மாதிரி குழிகிறது. ரிப்பேர் என்று அந்தக் குழியில் ஜல்லியைக் கொட்டுகிறார்கள். ஓட்டை கீழே இருக்கிறது.

குழாயின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு அடிக் குழாய் இரண்டு போட்டால் இரண்டு அடிக் குழாய் ஒன்றுக்குச் சமம் என்று பேசிக்கொள்கிறார்கள். வாய்ப் பரப்பிலேயே நாலு வேண்டும், ஓடும் தண்ணீரைக் கணக்கிட்டால் ஆறுக்கு மேல் வேண்டும். சிறு குழாயில் தண்ணீர் சுவரோடு உரசியே களைத்துவிடும், ஒரு கொத்து ஆகாயத்தாமரை வந்தால் வாயும் அடைத்துவிடும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு ஏக்கரில் விழுந்தது மட்டும் கிட்டத்தட்ட 17.8 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 148 நடை. அப்படி ஒரு மழைக்கு எந்தக் குழாயும் உடனே ஈடுகொடுக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழை விட்ட பிறகு தண்ணீர் வடிய இரண்டு நாளா, ஆறு நாளா என்பது குழாயின் கையில் இருக்கிறது. பயிர் பிழைப்பதும் அந்த நாலு நாளில்தான்.

உங்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமாகாது. எங்கள் தெருவில் பைக் ஏற்றவும் டிராக்டர் திருப்பவும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குழாய் உண்டு. ஒருவர் எட்டு அங்குல பிவிசி, ஒருவர் பழைய போர் பைப், ஒருவர் நேராக ரப்பீஸையே கொட்டிவிட்டார். மட்டம் அவரவர் இஷ்டம். எந்த வாசல் குழாய் எல்லாவற்றிலும் உயரமோ, தெருத் தண்ணீர் அதுவரை வந்து நிற்கும். என் வாசலில் கிடந்தது ஆறு அங்குலம், கொத்தனார் வீட்டு லட்சணம் அது. சித்திரையில் அதைத் தோண்டி எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் செங்கல் சுவர் வைத்து, இரண்டு ஆள் தூக்குகிற அளவில் நாலு ஸ்லாப் வார்த்துக் கம்பி வளையம் விட்டிருக்கிறேன். வேண்டும்போது தூக்கிச் சேற்றை அள்ளலாம். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து அளவு எடுத்துப் போனான், இன்னும் வேலை ஆரம்பிக்கவில்லை. தெருவுக்கே ஒரே மட்டம் இதுதான் என்று நீங்கள் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால், மீதிப் பேரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இந்த மாதிரி மதகை இங்கிலீஷில் கல்வர்ட் என்பார்கள், ஊரில் பாதிப்பேர் அதைக் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்ததும் பக்கத்தில் நிஜமாகவே ஒரு கல்வெட்டு வைக்கிறீர்கள்: திட்டத்தின் பெயர், மதிப்பீடு, நீளம், திறந்தவர் பெயர். அதில் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்கிறேன். வடிகால் தரையிலிருந்து குழாயின் அடி எவ்வளவு கீழே, எவ்வளவு மேலே என்ற வரி. எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் அளந்துதான் ஆக வேண்டும்.

எங்கள் மதகைத் திரும்ப எடுத்துப் போடுவதாக இருந்தால் மாசி பிறந்ததும் வாருங்கள். அறுப்பு முடிந்திருக்கும், வடிகால் காய்ந்திருக்கும். டியூப் என்னிடம் இருக்கிறது, நாற்பது அடி. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன், மறுமுனைக்கு ஒரு ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மேற்குப் பக்கத்து அஞ்சு மாக்காரன்