அந்த ‘பாய்’ யார், ஆசிரியரே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அசாமின் எண்ணெய் ஊரான ‘டிக்பாய்’ பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. கோல்ஃப் மைதானத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். புல் பச்சைப் பசேலென்று இருந்தது. பாராட்டுவதற்கு எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான், மன்னிக்கவும்.

“மனிதக் காலடி படாத காட்டில் ‘டிக் பாய், டிக்!’ என்று ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர் போட்ட சத்தத்தில் ஒரு நகரம் பிறந்தது” என்று கட்டுரை தொடங்குகிறது. ‘தோண்டு பையா, தோண்டு!’ என்று ஆங்கிலத்தில் கத்தினாராம், அதுவே ஊர்ப் பெயராகிவிட்டதாம். அந்த ஒரு வரியை மட்டும் திருத்தச் சொல்லி ஓர் அஞ்சலட்டை போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அட்டை போதவில்லை.

அந்த ஊரில் நான் பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள். 1978இல் கல்யாணமான கையோடு போனேன். சென்னையிலிருந்து ஹவுரா, அங்கிருந்து நியூ பொங்காய்காவ், அங்கே பெட்டி படுக்கையோடு இறங்கி மீட்டர் கேஜ் வண்டிக்கு மாறி, தின்சுகியா போய்ச் சேர்ந்தபோது ஐந்தாம் நாள். தங்கள் கட்டுரையாளர் இரண்டு நாள் தங்கினாராம். கடைசிப் பத்தியில் அவரே சொல்கிறார், அதையும் பெருமையாக.

முதலில் பெயரைப் பார்ப்போம். அசாமியர் அதை ‘டிக்பொய்’ என்றுதான் சொல்வார்கள். ‘பாய்’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பையனும் வரவேண்டும், கதையும் நிற்கவேண்டும் என்றால் ‘பாய்’ என்று எழுதித்தான் ஆகவேண்டும், புரிகிறது. ‘பொய்’ என்று அச்சடித்தால் நம் வாசகர்கள் வேறு மாதிரி நினைத்துவிடுவார்களோ என்று தயங்கினீர்களோ என்னவோ. பொய் ஊர்ப் பெயரில் இல்லை ஐயா. அந்தப் பகுதி ஆறுகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: திஹிங், திப்ரு, திசாங், திகௌ, திபாங். போடோ இன மொழிகளில் ‘தி’ என்றால் தண்ணீர். ஊர்ப் பெயரும் அந்த வரிசையில் வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. இதை நான் சொல்லித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மொழி ஆராய்ச்சிக்கென்று தனிப் பகுதியே நடத்துகிறீர்கள்.

சரி, காலடி படாத காடு. 1820களிலேயே திஹிங் ஆற்றங்கரையில் எண்ணெய் கசிவதைப் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வழி காட்டியது யாராம், குருவியா? அது சிங்போ மக்கள் நடமாடிய காடு. 1867இல் மாக்கும் பக்கத்தில் 118 அடியிலேயே எண்ணெய் கிடைத்தது. தாங்கள் ‘ஆசியாவின் முதல் கிணறு’ என்று தலைப்பிட்ட டிக்பொய்க் கிணற்றுக்கு இருபது வருடத்துக்கும் மேல் மூத்தது அது. காஸ்பியன் கரையில் பாகுவில் 1840களிலேயே துளை போட்டுவிட்டார்கள். “பாகு ஆசியாவில் இல்லையா பாட்டி?” என்று என் பேரன் கேட்டான். பத்தாம் வகுப்புப் படிக்கிறான்.

டிக்பொய்க்கு ஆட்கள் போனது எண்ணெய்க்காகக்கூட இல்லை. அசாம் ரயில்வேஸ் அண்ட் டிரேடிங் கம்பெனி நிலக்கரிக்காக திப்ருகரிலிருந்து ரயில் பாதை போட்டுக்கொண்டு போனது. பக்கத்து ஊருக்கு ‘மார்கெரிட்டா’ என்று பெயர் வந்ததே ஓர் இத்தாலியப் பொறியாளரால். தன் நாட்டு ராணியின் பெயரை வைத்துவிட்டார். மரம் இழுத்த யானைகள் காலில் எண்ணெய்ச் சேற்றோடு திரும்பின, அந்தத் தடத்தைப் பிடித்துப் போய்த்தான் தோண்டினார்கள் என்பது ஊர்க்கதை. 1889இல் துளைக்க ஆரம்பித்து, மறு வருடம் 662 அடியில் முதல் கிணறு முடிந்தது. இன்று அது அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டு ஆய்தா (அங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) இந்த யானைக் கதையைக் கேட்டால் சிரிப்பார். “எண்ணெய் ஊறுகிற இடம் யானைக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். கம்பெனிக்கு மட்டும்தான் தெரியாது” என்பார். பாக்கு வெட்டிக்கொண்டே சொல்வார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தாமுல் கொடுப்பார்கள். நம் தாம்பூலம்தான். ஜனவரியில் அவர்கள் மாக் பிஹு என்ற அறுவடைத் திருநாளுக்கு விடியற்காலையில் மேஜி என்ற சொக்கப்பானையைக் கொளுத்தும்போது நாங்கள் நாலு தமிழ்க் குடும்பம் போகியும் பொங்கலும் கொண்டாடிக்கொண்டிருப்போம். தங்கள் கட்டுரையாளர் யார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. விருந்தினர் விடுதியின் காலை உணவு பற்றி மட்டும் எட்டு வரி எழுதியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன்.

அடுத்தது, “ஆங்கிலேயர் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய நகரம்.” உண்மை. அழகாகச் செதுக்கினார்கள். துரைமார்களுக்குக் குன்றின் மேல் தூண்களில் உயர்த்திக் கட்டிய சாங் பங்களா, கீழே தண்ணீர் ஓடும் இடத்தில் தொழிலாளர் குடியிருப்பான கூலி லைன். மழைக்காலத்தில் மேலே இருந்தவருக்கு இயற்கைக் காட்சி, கீழே இருந்தவருக்கு முழங்கால் வரை சேறு. 1899இல் அசாம் ஆயில் கம்பெனி பிறந்தது, 1901 டிசம்பர் 11இல் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது, 1921இல் பர்மா ஆயில் கம்பெனி வந்தது. இதெல்லாம் கட்டுரையில் ஒழுங்காக இருக்கிறது. ஏதோ கையேட்டைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் கையேட்டில் இருக்காதது எதுவும் கட்டுரையிலும் இல்லை. 1939 இல்லை.

1939 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்கள் தொழிலாளர்கள். அதே வருடம் உலகப் போர் வந்தது. போர்க் காரணத்தைச் சொல்லியே போராட்டத்தை அடக்கினார்கள். பிறகு பர்மா ஜப்பானியர் கைக்குப் போக, டிக்பொய் எண்ணெய்க்கு வந்தது யோகம். ஒரு நாளைக்கு 7,000 பீப்பாய் வரை உறிஞ்சினார்களாம். தாங்கள் ‘பொற்காலம்’ என்று பெட்டிச் செய்தி போட்டது இதைத்தான். அந்தப் பொற்காலத்தின் இன்னொரு பக்கம் அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் சுமார் இருநூறு கற்களாக நிற்கிறது. அந்தப் படத்தின் கீழே ‘ஆங்கிலேயர் கல்லறை’ என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே இந்திய வீரர்கள் கிடக்கிறார்கள் ஐயா, ஆப்பிரிக்கர்கள் கிடக்கிறார்கள். கற்களில் பெயர் பொறித்திருக்கிறது. குனிந்து பார்த்தால் போதும்.

மக்கள் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: “பல இனத்தவரும் இன்புற்று வாழும் ஊர்.” 1962இல் சீனாவோடு சண்டை வந்தபோது, பக்கத்து மாக்குமில் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளிக் குடும்பங்களை ரயிலேற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்கு அனுப்பினார்கள். 1979 கடைசியில், வெளிநாட்டுக் குடியேறிகளுக்கு எதிரான அசாம் போராட்டம் எண்ணெய் மேல் கை வைத்தபோது நான் அங்கே இருந்தேன், வயிற்றில் மூத்தவனோடு. தெருவில் “தேஜ் திம், தேல் நிதியோ” என்று கோஷம் கேட்கும். ரத்தம் தருவோம், எண்ணெய் தரமாட்டோம் என்று பொருள். வெளியூர்க்காரி என்று எனக்குப் பயம் இருந்தது. ஆனால் கோபம் எங்கிருந்து வந்தது என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குப் புரியும். எண்ணெய் கிடைத்தது அவர்கள் மண்ணில்; பெரிய ஆலை எழும்பியது பீகாரில், பரௌனியில். குழாய் மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போட்டார்கள்.

இவ்வளவும் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. கட்டுரையின் கடைசி வரி இல்லாவிட்டால் ‘பாய்’ விஷயத்தோடு முடித்திருப்பேன். “எண்ணெய் ஒரு காட்டையே நகரமாக்கிய கதையை நம் டெல்டாக்காரர்கள் ஒருமுறை படிக்க வேண்டும்.”

படித்தோம். நான் இப்போது மயிலாடுதுறையில் இருக்கிறேன். 2017இல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியபோது, அந்த வாடை எனக்குப் புதிதில்லை. டிக்பொயில் மழை விட்டதும் மண்ணிலிருந்து கிளம்பும் அதே வாடை. 2020 மே 27இல் அதே தின்சுகியா மாவட்டத்தில் பாக்ஜான் கிணறு வெடித்துப் பீறிட்டதும், ஜூன் 9இல் தீப்பிடித்ததும், தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்ததும், நவம்பர் பாதி வரை அது எரிந்ததும் தங்களுக்குத் தெரியாததல்ல. மாகுரி என்ற அந்தச் சதுப்பு ஏரிக்கு நாங்கள் குளிர்காலத்தில் பறவை பார்க்கப் போவோம். எண்ணெய் மூடிய அந்தத் தண்ணீரைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அன்றே தங்களுக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. அந்த வாரம் வாசகர் பக்கத்தில் தாங்கள் போட்டது, வீட்டில் பிரியாணி செய்யும்போது அரிசி குழையாமல் இருக்க ஒருவர் சொன்ன யோசனை. யோசனை நன்றாகத்தான் இருந்தது. செய்தும் பார்த்தேன்.

எண்ணெய் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஆலைச் சங்கு ஊதித்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். ஆனால் அந்த ஊரின் நிலைமையையும் சொல்லிவிட்டு எங்களைப் படிக்கச் சொல்லுங்கள். ஆயிரம் கிணறு வரை தோண்டிய வயல் கிட்டத்தட்ட வற்றிவிட்டது. ஆலை ஓடுவது இப்போது பெரும்பாலும் வேறு வயல்களின் எண்ணெயில். 1953இல் நாஹர்கட்டியாவில் எண்ணெய் கிடைத்த பிறகு, சுறுசுறுப்பெல்லாம் துலியாஜான் பக்கம் போய்விட்டது. 2011 கணக்கெடுப்பில் டிக்பொய் ஊரில் இருபதாயிரத்துச் சொச்சம் பேர். நம் சீர்காழியே அதைவிடப் பெரியது. எங்களோடு இருந்தவர்களின் பிள்ளைகளில் பாதிப்பேர் பெங்களூரில் இருக்கிறார்கள். கோல்ஃப் மைதானம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதைத்தான் முழுப் பக்கம் போட்டுவிட்டீர்களே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ‘திருத்தம்’ என்று இரண்டு வரி போடுங்கள்: ஊர்ப் பெயர் டிக்பொய், படத்தில் இருப்பது ஆங்கிலேயர் கல்லறை அல்ல, போர் வீரர்களின் கல்லறைத் தோட்டம். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் சந்தோஷம். சுருக்குவதாக இருந்தால் பக்கத்து வீட்டு ஆய்தா சொன்னதை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் முப்பதாண்டு சந்தாதாரர்,
மயிலாடுதுறை.

பி.கு.: இந்த மாத முதல் இதழ் இன்னும் கைக்கு வரவில்லை. தபால்காரரைக் கேட்டுவிட்டேன், அவர் மேல் தப்பில்லை.