ஆழ்கடல் படகுக் கடன்: சிக்கல் மானியத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளுக்கு அரசு தரும் உதவி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மானியக் கணக்கை விரிவாகச் சொன்ன கட்டுரை, "மீதிக்கு வங்கிக் கடன் கிடைக்கும்" என்று ஒரே வரியில் கடனை முடித்துவிட்டது. விண்ணப்பங்கள் தட்டி நிற்பது அந்த ஒரு வரியில்தான்.

பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக 2017 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் கைக்காசு 8 லட்சம். மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்று வைத்த இலக்கின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. பிறகு வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் படகின் மதிப்பை 1 கோடியே 20 லட்சமாக வைத்தது. ஆனால் மானியம் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம்தான், அதாவது 48 லட்சம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம், 72 லட்சம். பொதுப் பிரிவு மீனவர் ஒருவர் மீதி 72 லட்சத்தைப் புரட்ட வேண்டும். மீன்வளத் துறை பயனாளி என்று ஆணை கொடுத்துவிட்டால் வங்கி கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை கரையோரம் முழுக்க இருக்கிறது. அப்படி ஒரு விதி கிடையாது. துறை பார்ப்பது மானியத்துக்கான தகுதியை. வங்கி பார்ப்பது பணம் திரும்பி வருமா என்பதை.

இன்னொரு வீண் அலைச்சலையும் சொல்லிவிடுகிறேன். நபார்டு தனி மீனவருக்கு நேரடியாகக் கடன் தருவதில்லை, வங்கிகளுக்கு மறுநிதிதான் தருகிறது. தேசிய கூட்டுறவு வளர்ச்சிக் கழகத்துக்குப் போக வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கமாகப் போக வேண்டும். கிசான் கடன் அட்டை டீசல், ஐஸ், ஆள் கூலி போன்ற நடைமுறைச் செலவுக்கானது. அதை வைத்துப் படகு கட்ட முடியாது.

விண்ணப்பம் முதலில் நிற்கும் இடம் பழைய படகின் காகிதம். படகு அப்பா பெயரில் இருக்கும், அவர் இறந்து ஆண்டுகள் ஆகியிருக்கும், மகன்கள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், பதிவில் பெயர் மாற்றம் எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி கைமாறிய படகுகளின் கதை இன்னும் மோசம்: ஓட்டுபவர் ஒருவர், பதிவுச் சான்றில் இருப்பவர் வேறொருவர். எஞ்சின் மாற்றியதைப் பதிவில் ஏற்றாமல் விட்டிருந்தால், ஆய்வுக்கு வரும் அதிகாரி எஞ்சின் பலகையில் உள்ள எண்ணையும் சான்றில் உள்ள எண்ணையும் ஒப்பிடும் அன்றே ஃபைல் மூடப்படும். பழைய இழுவைப் படகை ஒப்படைப்பதுதான் பாக் நீரிணைத் திட்டத்தின் அடிப்படையே. ஆகவே அந்தப் படகு சட்டப்படி யாருடையது என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது. படகுப் பதிவுக்கான ரியல்கிராஃப்ட் இணையதளத்தில் உள்ள பதிவு விவரம், மீன்பிடி உரிமம், மீனவர் அடையாள அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது வியாபாரி முன்பணம். பெரும்பாலான விசைப்படகுகள் கரையில் உள்ள ஏல வியாபாரியிடம் லட்சக்கணக்கில் முன்பணம் வாங்கியவை. பதிலுக்கு மீன் முழுவதும் அவர் வழியாகத்தான் விற்க வேண்டும், கமிஷன் அவருக்கு. வங்கி ஆவணங்களில் இந்தக் கடன் தெரியாது. ஆனால் மீன் விற்ற பணம் வங்கிக் கணக்குக்கு வராமல் வியாபாரியின் நோட்டில் கழிந்துகொண்டிருப்பதால், மூன்று ஆண்டுக் கணக்கு அறிக்கையைக் கேட்டால் மீனவரிடம் காட்ட எதுவும் இருக்காது. நன்றாகச் சம்பாதிக்கும் படகுக்காரர்களும் இங்கே விழுந்துவிடுகிறார்கள். கடன் வாங்க நினைப்பவர் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே மீன் பணத்தை வங்கி வழியாக வாங்கத் தொடங்க வேண்டும். விற்பனைச் சீட்டு, டீசல் பில், ஐஸ் பில் மூன்றையும் நடைவாரியாக, அதாவது கடலுக்குப் போய்வரும் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக, எடுத்து வைக்க வேண்டும். நகைக்கடன் ஏலத்துக்குப் போயிருந்தாலோ, மகளிர் குழுக் கடனில் தவணை விட்டிருந்தாலோ கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஏறியிருக்கும். குழுவாகச் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது ஒருவருடைய பழைய பாக்கி மற்ற எல்லோரையும் நிறுத்திவிடும். குழு சேரும் முன்பே ஒவ்வொருவரும் தன் அறிக்கையை மற்றவர்களிடம் காட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வங்கிக்குக் கொடுக்கும் வரவு செலவுத் திட்ட அறிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த அறிக்கைகளில் டீசல் முழுவதும் விற்பனை வரி விலக்கு விலையில் போடப்பட்டிருக்கும். 240 குதிரைத்திறன் எஞ்சின், 60 சதவீத சுமையில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 27 லிட்டர் குடிக்கும். 15 நாள் நடையில் நாளுக்குச் சராசரி 12 மணி நேரம் என்று வைத்தால் ஒரு நடைக்கு 4,860 லிட்டர். ஆண்டுக்கு 8 நடை என்றால் 39,000 லிட்டருக்குப் பக்கம். வரி விலக்கு டீசலோ விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர்தான். மீதியைப் பங்க் விலையில் போட்டால்தான் கணக்கு உண்மை. படகு கட்டும் தளத்தின் கொட்டேஷனில் 5 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1 கோடியே 20 லட்சத்துக்கு அதுவே 6 லட்சம். சேர்க்காமல் விட்டால் படகு பாதி எழுந்து நிற்கும்போது அந்தப் பணத்துக்கு மீட்டர் வட்டிதான் வழி.

அனுபவமும் கேள்விக்கு வரும். ராமேஸ்வரம் பக்கத்து இழுவைப் படகு இரவு போய் காலையில் திரும்புவது. ஆழ்கடல் படகு செய்ய வேண்டிய சூரைமீன் தூண்டில் வேறு தொழில். மீனை ஏற்றியதும் இரத்தம் வடித்து, செவுளும் குடலும் எடுத்து, மீன் எடைக்குச் சமமான ஐஸில் வைக்காவிட்டால் ஏற்றுமதி விலை கிடைக்காது. மத்திய அரசின் மீன்பிடிப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டின் சென்னை மையம் போன்ற இடங்களில் பெற்ற பயிற்சிச் சான்றையும், ஆழ்கடலில் பழகிய, கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் பக்கத்துத் தூண்டில்காரர் ஒருவரையாவது ஓட்டுநராக அமர்த்திக்கொண்ட ஒப்பந்தத்தையும் இணைத்தால் வங்கி மேலாளரின் தயக்கம் குறையும்.

எல்லாவற்றையும் தாண்டிக் கடன் அனுமதியாகிவிட்டால், தவணை அட்டவணைதான் அடுத்த பொறி. 60 லட்சம், 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 79,300 ரூபாய்க்கு அருகில் வரும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஜூன் 15-ல் கிளம்பிய படகு நடை முடித்து, மீன் விற்று, பணம் கைக்கு வரும்போது ஜூலை வந்துவிடும். பொதுவாகத் தவணை 90 நாள் நிலுவையில் நின்றாலே வாராக்கடன். ஏப்ரல் முதல் வாரத் தவணையைத் தவறவிட்டவர், எந்தத் தப்பும் செய்யாமலே அந்த விளிம்பில் நிற்கிறார். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் குடும்பம் சாப்பிடுவதற்கு, தவணை கட்டுவதற்கு அல்ல. ஆண்டுத் தொகையை மே, ஜூன் நீக்கி 10 தவணையாகப் பிரித்தால் ஒன்று 95,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடும். ஆனால் மீன் வரும் மாதத்தில் கட்டலாம். இதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்க வேண்டும், பிறகு கேட்டால் கடனை மறுசீரமைக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். புதுப் படகுக்கு அடிக்கட்டை வைத்த நாளிலிருந்து முதல் நடை முடியும் வரை தவணை விலக்கும் அதே கடிதத்தில் வேண்டும். படகு கட்டும் மாதங்களிலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மீன்வளத் துறைக்கும் வங்கிகளுக்கும் தங்கள் இதழ் வழியாக வைக்கும் கோரிக்கை இரண்டு. பயனாளிப் பட்டியலை இறுதி செய்யும் முன்பே, வங்கி அதிகாரியையும் உட்காரவைத்து ஒரே நாளில் காகிதங்களைச் சரிபார்க்கும் முகாம் நடத்துங்கள். குறை இருந்தால் அன்றே எழுத்தில் கொடுங்கள். தடைக்கால மாதங்கள் நீங்கலான தவணை அட்டவணையை ஆழ்கடல் படகுக் கடன் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஆக்குங்கள்.

மீனவர்களுக்கு ஒன்று: கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் பழைய படகை உடைக்கக் கொடுத்துவிடாதீர்கள். எந்தக் கட்டத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதைத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
ராமநாதபுரம் மாவட்டம்