கோவில் திருப்பணி நிறைவு: பங்கு மக்களுக்குக் குழுவின் அறிக்கை

பங்கு மக்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

சாரம் பிரித்த ஞாயிறு, திருப்பலி முடிந்து வந்த பெரியவர் ஒருவர் கோவிலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, புதுசா என்னப்பா கட்டுனீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். புதிதாக எதுவும் கட்டவில்லை. உங்கள் நன்கொடையில் பெரும்பகுதி, முன்பு பூசியதைப் பெயர்த்து எடுக்கவே போனது. வரவு செலவுக் கணக்கு தாழ்வாரப் பலகையில் இருக்கிறது. ரசீதுகளை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இங்கே சொல்வது, ஏன் அப்படிச் செய்தோம் என்பதை.

நம் கோவில் பிரெஞ்சு சேசு சபை (ஜெசூட்) சாமியார்கள் காலத்தது. 1773-ல் கலைக்கப்பட்ட சபை மீண்டும் உயிர்பெற்று, 1838-ல் மதுரை மிஷன் என்ற தன் பழைய மறைப்பணித் தளத்துக்குத் திரும்பிய பிறகு எழுந்த கோவில்களில் ஒன்று. முதலில் திருச்சி ஆயரின் கீழ் இருந்தோம். 1938-ல் மதுரை, 1987-ல் சிவகங்கை என்று மறைமாவட்டம் மாறியது. கோவில் நின்ற இடத்திலேயே நிற்க, ஞானஸ்நானப் பதிவேட்டில் முத்திரைதான் மாறிக்கொண்டே வந்தது.

சுவர் முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். சென்ற தலைமுறையில் அதன்மேல் சிமெண்ட் பூசி, பெயிண்டும் அடித்தார்கள். நல்லெண்ணம்தான், அன்றைக்கு சிமெண்ட் என்றாலே உறுதி என்று நினைத்தோம். வெளியே போக வழியில்லாத ஈரம் உள்ளேயே மேலேறி, பெஞ்சில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் அளவுக்கு உப்புப் பூத்தது. சுவருக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அதுவும் மூடி போடுகிற வேலைதான் என்பதால் ஒப்பவில்லை.

சிமெண்டைக் கொத்தி எடுத்தபின் செட்டிநாட்டுப் பூச்சு. சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. அதைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்த வழவழப்பு வருகிறது. தவக்காலத்தில் கோவிலுக்குள் முட்டையா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. சுவர்தானே சாப்பிடுகிறது என்று சொல்லிச் சமாளித்தோம். மஞ்சள் கருவை அன்பியம் அன்பியமாக (அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த செபக் குழுக்கள்) முறைவைத்து வாங்கிப் போனார்கள். அந்த நாட்களில் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் முட்டைப் பொரியல்.

ஒரு தவறு நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. தெற்குச் சுவரைத்தான் முதலில் பூசினோம். நல்ல வெயில், சாக்கு நனைத்துப் போர்த்தவில்லை. சுண்ணாம்பு மெதுவாக இறுக வேண்டிய பொருள். இது வேகமாகக் காய்ந்து வலைவலையாக வெடித்துவிட்டது. திருவிழாவுக்குள் முடிக்க வேண்டும் என்று கொத்தனாரை விரட்டியது குழுதான். முழுவதையும் சுரண்டி மறுபடி பூசினோம். அந்தக் கூலி கணக்கில் தனி வரியாக இருக்கிறது.

தரையில் ஆத்தங்குடிக் கல், செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல். கண்ணாடிமேல் வார்த்து, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துவது, சூளையே கிடையாது. பீடத்தின் முன் உடைந்திருந்த கற்களுக்கு ஆத்தங்குடியிலேயே புதிதாக வார்க்கச் சொன்னோம். பூ சரியாக வந்தது, சிவப்புதான் பழையதோடு ஒத்துப்போகவில்லை. இத்தனை கால் நடந்து மங்கிய சிவப்பை எந்தப் பட்டறையிலும் வார்க்க முடியாது போல. அதனால் ஓரத்தில் இருந்த பழைய கற்களைப் பெயர்த்து நடுவில் பதித்து, புதியவற்றைப் பாடகர் குழு உட்காரும் மூலையில் போட்டோம். ஆர்மோனியத்துக்குக் கீழே பளிச்சென்று தெரிவது அதுதான். தயவுசெய்து தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம். ஈரத் துணியும், எப்போதாவது துளி தேங்காய் எண்ணெயும் போதும்.

மர உத்தரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் உளுத்த தேக்கு உத்தரங்களை மட்டும் மாற்றினோம். வண்ணக் கண்ணாடி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைத்தது. யாரோ ஒருவரின் வீடு இடிந்தால்தான் நம் ஜன்னல் நிறைகிறது என்பது கொஞ்சம் சங்கடமான கணக்குதான்.

அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) சுரூபம் பழைய மாடத்துக்கே திரும்பிவிட்டது. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அவருக்கு 1947-ல்தான் புனிதர் பட்டம் கிடைத்தது. காலடியில் இருக்கும், அவர் இரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் நம்பும் ஓரியூர்ச் செம்மண் குடுவையை, வேலை முடியும்வரை கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளை தன் வீட்டுச் செப மேசையில் வைத்திருந்தார். திரும்பக் கேட்டபோது கொடுக்க அவர் மனைவிக்கு மனமே இல்லை. அடுத்த முறை ஓரியூர் போகிறவர்கள் அந்த அம்மாவுக்கும் ஒரு பிடி மண் கொண்டுவந்து கொடுங்கள்.

மணிக்கூண்டு பாக்கி. மழைக்குப் பிறகுதான் ஏற முடியும். அதற்கான சுண்ணாம்பு பின்புறத் தொட்டியில் இருக்கிறது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளும் முறை வாரம் ஒரு அன்பியத்துக்கு. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் புண்ணாகிவிடும்.

திருப்பணிக் குழு