இந்த ஆனியில் எங்கள் குசினிக்கு வந்தவை

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனில் "இன்றைக்கு என்ன சமையல் அம்மா?" என்று கேட்டால், "சோறும் கறியும்தான்" என்று சொல்லிவிட்டு நான் வேறு கதைக்குப் போய்விடுவேன். இந்த மாதம் எங்கள் குசினிக்குள் வந்து சேர்ந்தவற்றை அப்படி ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி. இதில் சிலதை நீ நோர்வேயில், பேர்கனில் இருந்துகொண்டே சமைக்கலாம்.

முதலில் பாலைப்பழம். எல்லா வருடமும் பாலை ஒரே மாதிரிக் காய்ப்பதில்லை, உனக்குத் தெரியும். இந்த முறை ஒட்டுசுட்டான் பக்கம் மரங்கள் மஞ்சளாய்ப் பழுத்துக் கிடக்கின்றன. மாங்குளம் வீதியில் ஆட்கள் வாளிகளில் வைத்துச் சுண்டால் அளந்து விற்கிறார்கள். அப்பா தானே போய்ப் பொறுக்கிவருவேன் என்று நின்றார், நான் விடவில்லை. பாலை பழுக்கிற காலத்தில் கரடியும் அந்த மரத்தடிக்குத்தான் வரும். யானையும் இப்ப பகலிலேயே வீதியைக் கடக்கிறது. காசு கொடுத்து வாங்குவது எவ்வளவோ மேல் என்று சொல்லி இருத்திவிட்டேன்.

பழத்தை அப்படியே தின்பதுதான் எங்கள் வழக்கம். தின்றபிறகு உதடு ஒட்டும், தேங்காயெண்ணெய் பூசித் துடைக்க வேண்டும். சின்ன வயதில் உனக்கு இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டு நீ அழுததை அப்பா இன்னும் தங்கச்சியின் மகளுக்குச் சொல்லிச் சிரிப்பார். இந்த முறை வாங்கினது கூடிப்போய்விட்டது. பாலைப்பழம் அடுத்த நாளைக்கு வைத்தாலே புளித்துவிடும். அப்போதுதான் அடுத்த வளவு ஆச்சி வந்து, "பாணி காய்ச்சு பிள்ளை" என்றார். ஆச்சி பழைய வன்னிக் கிராமத்து ஆள். அவருடைய தாய் மாரிகாலத்துக்கென்று சாடியில் பாலைப்பழப் பாணி வைத்திருப்பாராம். நான் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, கையால் செய்தது இதுதான் முதல்.

செய்முறையை எழுதுகிறேன், நன்றாகக் கவனி. நல்லாய்க் கனிந்த பழமாகத் தெரிந்தெடுக்க வேண்டும். செங்காய் ஒன்றிரண்டு கலந்தாலும் பால் கூடிவிடும். காம்பைக் கிள்ளிவிட்டு ஒரு தரம் அலசினால் போதும். மண்சட்டியின் உட்புறம் முழுக்கத் தேங்காயெண்ணெய் பூசு என்று ஆச்சி முதலே சொல்லிவிட்டார். பழத்தின் பால் சட்டி விளிம்பில் போய் ஒட்டும், எண்ணெய் இருந்தால்தான் பிறகு கழுவி எடுக்கலாம். பழம் மூடுகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கும்வரை அவித்து, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் போட்டுப் பிழிந்தோம். கொட்டையும் தோலும் துணியில் நின்றுவிடும். பிழிந்த சாற்றைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, சிறு நெருப்பில் அகப்பையால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு விறகடுப்புத்தான் நல்லது. 2022 இல் காஸ் இல்லாமல் திண்டாடியபோது அப்பா பின் தாழ்வாரத்தில் கட்டித்தந்த அடுப்பை நான் இடிக்கவிடாமல் வைத்திருந்தது இதற்குத்தான் உதவியது.

சீனி ஒரு கரண்டிகூடப் போடவில்லை. மத்தியானம் ஏற்றினது பொழுது படுகிற நேரம்தான் பதத்துக்கு வந்தது. கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து ஒரு துளி விட்டால் கரையாமல் அடியில் நிற்க வேண்டும், அதுதான் பதம். நிறம் கறுத்த மண்ணிறம். வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, பிறகு நாக்கின் அடியில் ஒரு சின்னத் துவர்ப்பு. பனம்பாணியில் இந்தத் துவர்ப்பு இல்லை, தேனிலும் இல்லை. எருமைத் தயிரில் விட்டுக் கொடுத்தேன், உன் மருமகள் சட்டியை வழித்துத் தின்றாள். குரக்கன் ரொட்டியைத் தோய்த்துத் தின்ன அதைவிட நல்லாயிருக்கிறது என்று நான் சொல்வேன்.

போன வருடம் நீ அங்கே காட்டில் புளூபெரி பறித்த படம் அனுப்பியிருந்தாய். அந்த நாட்டில் யாரும் காட்டுக்குள் போய்ப் பழம் பறிக்கலாம், ஒருவரும் தடுக்கமாட்டார்கள் என்று சொன்னாய். எவ்வளவு நல்ல வழக்கம்! இந்த முறை பறித்தால் ஃப்ரீசரில் போட்டுவைக்காமல் இதே மாதிரிக் காய்ச்சிப் பார். அதற்குப் பால் இல்லை, எண்ணெய் பூசத் தேவையில்லை. புளிப்பு இருக்குமென்றால் கொஞ்சம் சீனி சேர்க்க வேண்டி வரும்.

அடுத்தது காளான். சிரிக்காதே, உன் அம்மாதான் எழுதுகிறேன். மழை விட்டபிறகு புற்றடியிலும் வைக்கோலிலும் முளைக்கிற காளானைத் தெரிந்த ஆட்கள் பறித்துத் தந்தால் மட்டும் சமைத்திருக்கிறேன். கடைக்காளான் என்றால் பக்கத்திலும் போனதில்லை. இப்ப எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பிள்ளை கிடுகுக் கொட்டிலுக்குள் சிப்பிக் காளான் வளர்க்கிறாள். மாப்பிள்ளை இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறவள். என்னைக் கூட்டிக்கொண்டுபோய் எல்லாவற்றையும் காட்டினாள். மரத்தூளும் தவிடும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து ஈரமாக்கி, பொலித்தீன் பையில் இறுக்கி அடைத்து, பெரிய பீப்பாயில் ஆவியில் அவிக்கிறாள். வேறு பூஞ்சணம் இருந்தால் அதில் செத்துவிடுமாம். ஆறினபிறகு வித்தைப் போட்டு இருட்டில் வைத்தால், சில கிழமையில் பை முழுக்க வெள்ளையாய்ப் படரும். பிறகு பையில் வாய் திறந்துவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் விசிறிக் குளிராக வைத்திருக்க வேண்டும். இந்த ஆனி வெயிலில் அதுதான் அவளுக்குப் பெரிய பாடு. சாக்கை நனைத்து நாலு பக்கமும் தொங்கவிட்டிருக்கிறாள். மொட்டு வந்தால் சில நாளிலேயே பறிக்கலாம். மரக்காலையில் கழிக்கிற தூளும் ஆலையில் மிஞ்சுகிற தவிடும் சாப்பாடாகிறது தம்பி! எனக்கு அந்தக் கொட்டிலை விட்டு வெளியே வர மனமே வரவில்லை.

பிரட்டலாகச் சமைத்தேன். காளானைத் தண்ணீரில் ஊறவிடக் கூடாது, கையால் நாராய்க் கிழித்துக்கொள். தாச்சியில் முதலில் எண்ணெய் விடாமல் காளானை மட்டும் போட்டு, அதிலிருந்து வருகிற தண்ணீர் வற்றும்வரை வதக்கு. இதைச் செய்யாவிட்டால் கறி சளசளத்துப் போகும். அதை எடுத்துவைத்துவிட்டு எண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம், வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, காளானைப் போட்டு, எங்கள் தூள் 1 தேக்கரண்டி, உப்பு. இறக்குகிற நேரம் மிளகுத்தூளும் தேசிக்காய்ப் புளியும். அவ்வளவுதான். அப்பா இறைச்சி என்று நினைத்துத் தின்றுவிட்டுப் பிறகுதான் கேட்டார். உங்கள் கடைகளில் சிப்பிக் காளான் இருக்கும். வேலையால் வந்து முட்டையும் பாணும் தின்கிறேன் என்று சொல்கிறாயே, இது அதைவிட நேரம் பிடிக்காது.

நான் இப்படிச் சாப்பாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது ஏன் என்று உனக்குத் தெரியும். 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்த காலம் உனக்கும் நினைவிருக்கும். தந்த அரிசி, தந்த மா, தந்த பருப்பு. அதற்கு முன்னம் யுத்தத்தின் கடைசி மாதங்களில் கஞ்சிக்கே வரிசை. அந்தக் காலம் முழுக்க "இன்றைக்கு என்ன சமைப்பம்?" என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்க ஒன்றும் இருக்கவில்லை. இப்ப காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அப்பாவிடம் அதைக் கேட்கிறேன். அவர் கத்தரிக்காய் என்பார், நான் முருங்கைக்காய் என்பேன், சண்டையும் பிடிப்போம். அந்தச் சண்டை எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவருக்கும் தெரியும். புதிதாக ஒரு சாமான் வந்தால் அதைச் சமைத்துப் பார்க்காமல் விடுவதில்லை என்று அதனால்தான் வைத்திருக்கிறேன்.

சரி, பிஞ்சுப் பலாக்காய்க்கு வருகிறேன். பலாக்காய் என்றால் நாங்கள் முற்றினதைத்தான் கறிவைப்போம். பின் வளவு அக்கா வீட்டார் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள். கொட்டை இறுகாத பிஞ்சை அவர் பக்குவமாகச் சமைக்கிறார். கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் பூசித் தோல் சீவி, பெரிய துண்டாக வெட்டி, வறுத்த தூளும் கொறுக்காய்ப் புளியும் ரம்பையும் கறுவாவும் இரண்டாம் பாலும் விட்டு, மூடிச் சிறு நெருப்பில் நெடுநேரம் விடவேண்டும். அவசரப்பட்டால் கயர்க்கும். கடைசியில் முதற்பால். அவர் அதைத் தேங்காய்ப்பூ ரொட்டியோடு தந்தார். இவ்வளவு காலம் வேலிக்கு அங்காலே மணத்த கறி, இப்ப எங்கள் சட்டியிலும். பதிலுக்கு ஒடியல் கூழ் காய்ச்சக் காட்டித்தா என்று கேட்டிருக்கிறார். நல்ல மீனும் நண்டும் சேர்ந்து வருகிற ஒரு நாளில் காய்ச்ச வேண்டும்.

அப்பாவின் சீனி வருத்தத்துக்காக இரவில் குரக்கன் பிட்டு. தனிக் குரக்கன் மா என்றால் நீத்துப்பெட்டிக்குள் களிபோலப் பிடிக்கும், மூன்றில் ஒரு பங்கு வறுத்த சிவப்பரிசி மா சேர்த்தால் உதிரியாய் வருகிறது. குரக்கன் என்றால் எவ்வளவும் தின்னலாம் என்று சனம் நினைக்கிறது, அதுவும் மாச்சாப்பாடுதான், அளவாய்த்தான் தின்ன வேண்டும் என்று கிளினிக்கில் தாதி அப்பாவுக்கு வடிவாகச் சொல்லிவிட்டார். பிட்டைக் குறைத்து முருங்கையிலை வறையைக் கூட்டிவைக்கிறேன். குரக்கனில் சுண்ணாம்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு அதிகம், எனக்கும் முழங்காலுக்குத் தேவைதான்.

முத்தையன்கட்டுக் குளத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது, திலாப்பியா மலிவு. 1952 இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன், இப்ப எங்கள் குளங்களின் மீனாகவே ஆகிவிட்டது. மண்வாசம் போக உப்பும் புளியும் பிரட்டி வைத்துக் கழுவிவிட்டுப் பொரி. உனக்கு இது புதிதில்லை.

நீ அனுப்பின ஏர் ஃப்ரையரைக் கடைசியாகச் சொல்கிறேன் என்று கோபிக்காதே. பலாக்கொட்டை அதில் அருமையாக வெடிக்கிறது, கத்தரிக்காய் சுட்டுச் சம்பல் அரைக்கவும் நல்லது. சித்திரையில் வேப்பம்பூ பொறுக்கி உழுந்தும் வெங்காயமும் சேர்த்துக் காயவைத்த வடகத்தையும் அதில் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் தடவி வைத்தால் மொறுமொறுப்பு வருகிறது. நல்லெண்ணெயில் பொரிக்கும்போது வீடு முழுக்க எழும்புகிற மணம் மட்டும் வரவில்லை. அப்பாவின் உடம்புக்கு அது நல்லதென்பதால் அவருக்கு அதில், வருகிறவர்களுக்குத் தாச்சியில்.

தேன் வாங்கவில்லை. வீதியில் போத்தலில் விற்பதில் சீனிப்பாணி கலக்கிறார்கள். தண்ணீரில் விட்டுப் பார், நெருப்பில் காட்டிப் பார் என்று ஆட்கள் சொல்கிற சோதனைகளை நான் நம்புவதில்லை. குமுளமுனையில் தெரிந்தவர் ஒருவர் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரை பொறுத்திருப்பேன்.

இனி முக்கியமான விஷயம். தங்கச்சியோடு படித்த பிள்ளை விடுமுறைக்கு வந்து நிற்கிறாள், அடுத்த கிழமை ஒஸ்லோவுக்குத் திரும்புகிறாள். உனக்கென்று 2 கிலோ கொண்டுவரச் சம்மதம். பாலைப்பழப் பாணி ஒரு போத்தல் கட்டாயம் வரும், மூடியை மெழுகால் அடைத்துத் தருகிறேன். திறந்தபிறகு குளிர்சாதனப் பெட்டியில் வை, ஈரக்கரண்டி போடாதே. மிச்ச நிறைக்கு வேப்பம்பூ வடகமா, வறுத்த தூளா, குரக்கன் மாவா என்று நீதான் சொல்ல வேண்டும். குரக்கன் மா அங்கே தமிழ்க் கடையில் கிடைக்கும் என்றால் வடகத்தைக் கூட்டிப் போடுகிறேன். அவள் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் பஸ் ஏறுகிறாள். அதற்கு முதல் நாள் நான் கட்டிக் கொடுக்க வேண்டும், புதன் இரவுக்குள் ஒரு செய்தி போடு.

அன்புடன்,
அம்மா