இழுக்கிறவனும் விடுகிறவனும்

தம்பி,

நீ அனுப்பிய மெசேஜைப் படித்தேன். பாதிக்கு மேல் புலம்பல்தான், ஆனாலும் நீ இவ்வளவு நீளமாக எழுதி எவ்வளவு நாளாச்சு, அதனால் சந்தோஷமாகவே இருந்தது. எழிமலைக் கடற்படை அகாடமியில் பி.டெக். முடித்துவிட்டு பயிற்சிப் பாய்க்கப்பலான தரங்கிணியில் ஏறினால், உன்னைவிடக் குறைவாகப் படித்த மாலுமி ஒருவர் “முடிச்சு தப்பு, அவிழ்த்துப் போடுங்கள் சார்” என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார், அது உனக்கு உறைத்திருக்கிறது. போதாக்குறைக்கு ஏவுகணை காலத்தில் பாய்க்கப்பல் எதற்கு என்று வேறு கேட்டிருக்கிறாய்.

சரி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1997-ல் தரங்கிணி கடற்படையில் சேர்ந்தபோதே ஏவுகணை எல்லாம் இருந்தது. அப்படியிருந்தும் கோவாவில் மூன்று பாய்மரமும் 20 பாயும் வைத்து ஒரு கப்பலைக் கட்டினார்கள், அது 2003-ல் கிளம்பி உலகத்தையே சுற்றிவிட்டு 2004-ல் திரும்பியது, அதுவும் போதாதென்று 2012-ல் சுதர்சினி என்று இன்னொரு பாய்க்கப்பலையும் சேர்த்தார்கள். இரண்டிலும் எஞ்சினும் உண்டு. பாயை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்றால், பாயைத் தனியாளாக எதுவும் செய்ய முடியாது, அதற்குத்தான். பட்டனை அழுத்தினால் நடக்கிற வேலையில் பக்கத்தில் நிற்பவன் யார், என்ன செய்கிறான் என்று பார்க்காமலே காலம் தள்ளிவிடலாம்.

காற்று திரும்பும்போது முன்மரத்தில் இருக்கும் குறுக்கு மரங்களைத் (தாத்தா பருமல் என்பார்) திருப்புகிறீர்களே, அதை யோசித்துப் பார். ஒரு பக்கம் அஞ்சாறு பேர் மூச்சைப் பிடித்து இழுக்கிறார்கள், மறுபக்கம் ஒருத்தனோ இரண்டு பேரோ அதே வேகத்தில் கயிற்றை விட்டுக்கொடுக்கிறார்கள். விடுகிறவன் பயந்துபோய் இறுக்கிப் பிடித்தால் இந்தப் பக்கம் எத்தனை பேர் இழுத்தாலும் மரம் அசையாது, ஒரேயடியாக விட்டுவிட்டால் அத்தனை கனமும் அடித்துக்கொண்டு போகும். இழுக்கிறவனைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், போட்டோவிலும் அவன்தான் வருவான். உன் வாட்ச்சில் (முறை வைத்து வேலை பார்க்கிற உங்கள் குழுவில்) ஒருத்தன் “சும்மா நிற்கிறான்” என்று எழுதியிருந்தாயே, அவன் நிஜமாகவே சோம்பேறியா, இல்லை விடுகிற பக்கம் நிற்கிறவனா? ஒருமுறை நீ அவன் இடத்தில் நின்று பார். அப்புறமும் சோம்பேறி என்று தோன்றினால் அவனிடமே நேரில் சொல், மேலதிகாரியிடம் போவதெல்லாம் பிறகு.

எனக்கு வயிற்றைக் கலக்கியது நீ பாய்மரத்தின் மேலே ஏறியதைப் பற்றி எழுதியதுதான். பாயைச் சுருட்டும்போது நீங்கள் எல்லாரும் கால் வைத்து நிற்பது ஒரே கயிறு, புதிதாக ஒருத்தன் கால் வைத்தால் ஏற்கெனவே நிற்பவர்களின் காலடியிலும் அது ஆடும், அதனால் கால் வைக்குமுன் சத்தம் கொடுக்க வேண்டும் என்று அந்த மாலுமிதானே சொல்லிக்கொடுத்தார்? அதை நீ சாதாரணமாக ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். என்னைக் கேட்டால் நாளைக்கு அதிகாரியாகிற ஒருவனுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. நீ போடுகிற ஒவ்வொரு உத்தரவும் கீழே யாரோ ஒருத்தன் காலடியை ஆட்டும். வாட்ச் மாற்ற நீ அஞ்சு நிமிஷம் தாமதமாகப் போனால் நனைந்துபோய்த் தூக்கக் கலக்கத்தில் நிற்பவன் இன்னும் அஞ்சு நிமிஷம் நிற்பான், அதுவும் அப்படித்தான்.

உன் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போனவர். வாய்க்கு வந்தபடி திட்டுவார், அதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனால் ராத்திரியில் சமையல் பையன் வந்து “காற்று கச்சானுக்கு (தென்மேற்குக் காற்றுக்கு) திரும்புது” என்று சொன்னால், நீ யாருடா சொல்ல என்று கேட்டதில்லை, எழுந்து போய்ப் பார்ப்பார். பையன் சொன்னது பாதி நேரம் தப்பாகத்தான் இருக்குமாம். அப்படியும் மறுபடி அவன் எழுப்பினால் எழுந்திருப்பார். தோணிக்காரர்கள் அவரை நம்பியதற்கு இது ஒரு காரணம் என்று ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அப்புறம், உங்கள் கடற்படை அதிகாரிகள், புதுச்சேரிப் பெண் ரூபாவும் கோழிக்கோட்டு தில்னாவும், தாரிணி என்ற பாய்ப்படகில் உலகம் சுற்றி வந்தார்களே, 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே மாதம் திரும்பினார்கள். படகில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி தூங்க வேண்டுமென்றால் இன்னொருத்தி மேல் முழு நம்பிக்கை வைத்துத்தான் கண்ணை மூட முடியும். அங்கே யாரிடம் போய் யார் மேல் புகார் சொல்வது!

முடிச்சு தப்பு என்று சொன்ன அந்த மாலுமியிடம் இருட்டில் கயிறுகளைக் கையால் தடவியே அடையாளம் கண்டுபிடிக்கிற வித்தையைக் கேட்டுக் கற்றுக்கொள். கேட்டால் சொல்லித் தருவார், கேட்கிறதில்தான் உனக்குக் கொஞ்சம் கஷ்டம், அது அப்பா வழி.

கொச்சிக்கு எப்போது திரும்புகிறீர்கள் என்று தெரிந்தவுடன் சொல், பாலருவி ரயிலில் டிக்கெட் போட வேண்டும், கடைசி நேரத்தில் கிடைப்பதில்லை. உன் வாட்ச்சில் எத்தனை பேர் என்றும் எழுது, அந்த மாலுமியையும் சும்மா நிற்கிறவனையும் சேர்த்து. மக்ரூன் அந்தக் கணக்கில்தான் வாங்குவேன், உனக்கென்று தனியாக டப்பா கிடையாது.

அம்மா